அந்த அக்கா கல்யாணத்துக்கு வந்தாளா?

அந்த ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் டீச்சரிடம் திட்டு வாங்கித்தான் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். "கண்ணாடின்னு ஒண்ணு எதுக்கு வெச்சிருக்கான், தலை சீவவா?" என்பது முதல் நாள் பாடம். "கிளட்சை மெதுவா விடுன்னா, கோபத்துல கதவைச் சாத்துற மாதிரி விடுறே" என்பது அடுத்த நாள் பாடம். அழாதவர்கள் குறைவு; டெஸ்டில் தோற்றவர்கள் அதைவிடக் குறைவு. அதனால் திட்டு வாங்கியவர்களே தங்கள் மகளையும் மருமகனையும் கூட்டிக்கொண்டு வந்து, "நல்லாத் திட்டுங்க டீச்சர்" என்று ஒப்படைத்துவிட்டுப் போவார்கள்.

எல்லோரும் டீச்சர் என்று கூப்பிட்டார்களே தவிர, அவள் கல்லூரி வாசலை மிதித்தவள் இல்லை. அப்பா முன்னமே போய்விட்டார். அம்மாவும் போனபோது அவளுக்கு இருபத்து நாலு வயது, தம்பிக்குப் பத்து. துக்கம் கேட்க வந்த சொந்தக்காரர்கள், "பையனை ஹாஸ்டல்ல போட்டுட்டு நீ உன் வழியைப் பாரு" என்று ஆளுக்குக் கொஞ்சம் புத்தி சொன்னார்கள். "இவன்தான் என் வழி" என்றாள். ஒரு டிரைவிங் ஸ்கூலில் ரசீது எழுதும் வேலை கிடைத்தது. ஓய்ந்த நேரத்தில் ஓட்டக் கற்றாள், அப்புறம் சொல்லிக்கொடுக்கக் கற்றாள், முதலாளி கடையை மூடியபோது அவருடைய பழைய காரையே தவணையில் எடுத்துக்கொண்டாள். ஒரு கார் மூன்றாயிற்று. கல்யாணப் பேச்சு வராமல் இல்லை. "தம்பி படிப்பு முடியட்டும்" என்று அவள்தான் தள்ளித் தள்ளிப் போட்டாள். ஒரு கட்டத்துக்கு மேல் தள்ளிப்போட எதுவும் வரவில்லை.

கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் வண்டியில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் சொல்லிக்கொடுக்கிறவர் மிதித்து நிறுத்துவதற்காக. டீச்சரின் கால் எப்போதும் அதன் மேலேயே இருக்கும். "வீட்டுலயும் உன் கால் அங்கதான் இருக்கு அக்கா" என்று தம்பி ஒருமுறை சொன்னான். அவன் விளையாட்டாகச் சொல்கிறான் என்று அவள் சிரித்தாள்.

படிப்பு முடிந்ததும் அவனையும் ஸ்கூலிலேயே சேர்த்துக்கொண்டாள். அவன் திட்டாமல் சொல்லிக்கொடுத்தான்; நன்றாகவே சொல்லிக்கொடுத்தான். பத்து வருடத்துக்கும் மேல் ஓடியது. அப்புறம் ஒரு திங்கட்கிழமை காலை, பாடத்தின் நடுவே காரை ஓரம் கட்டச் சொல்லி, கற்றுக்கொள்ள வந்தவரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, ஆபீசுக்கு வந்து சாவியை மேஜைமேல் வைத்தான்.

"அக்கா, என்னால முடியல."

"என்ன முடியல?"

"இது."

அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவள் கேட்டாள், "காலைல சாப்பிட்டியா?"

தம்பி சிரித்தான். சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போய்விட்டான். அவன் வேலையை விட்டதைக்கூட அவள் ஒருநாள் மன்னித்திருப்பாள். அந்தச் சிரிப்பை மன்னிக்க முடியவில்லை.

அதற்கப்புறம் அவன் வீட்டுக்கே வரவில்லை. விலங்கு ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான், நாய் குளிப்பாட்டுகிறான் என்று யாரோ சொன்னார்கள். "என் தம்பியா? நாயா?" என்று கேட்டுவிட்டு அன்று முழுக்க யாரையும் திட்டாமல் பாடம் எடுத்தாள். கற்றுக்கொள்ள வந்தவர்கள் பயந்து போனார்கள். சில மாதம் கழித்துப் போனில் ஒரு செய்தி வந்தது. வெள்ளிக்கிழமை பதிவு அலுவலகத்தில் கல்யாணம். வந்தால் சந்தோஷம். அவ்வளவுதான். அந்த 'வந்தால்' அவளுக்குத் தொண்டையில் மாட்டிய முள் மாதிரி உறுத்தியது. வளர்த்தவளுக்கு இப்படியா ஒருத்தன் சொல்லுவான்? நேரில் வந்து கூப்பிட அவனுக்கு என்ன கால் நோவா?

ஆனாலும் போனாள். யாருக்கும் தெரியாமல் போனாள். கார் கூரையில் இருந்த ஸ்கூல் போர்டைக் கழட்டி டிக்கியில் போட்டுவிட்டு, பதிவு அலுவலகத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தி உட்கார்ந்திருந்தாள். தம்பி கல்யாணப் பெண்ணோடு வெளியே வந்தான். நாலைந்து பேர் போட்டோ எடுத்தார்கள். அவன் தெருவின் இரண்டு பக்கமும் ஒருமுறை தலையைத் திருப்பிப் பார்த்தான். டீச்சர் சட்டென்று ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்துகொண்டாள். நிமிர்ந்தபோது யாரும் இல்லை.

படிக்கும் பழக்கம் அதற்கப்புறம் வந்ததுதான். டெஸ்ட் மைதானத்தில் வரிசையில் காத்திருப்பது பெரிய அலுப்பு. முன்னெல்லாம் தம்பியோடு பேசிக்கொண்டிருப்பாள். இப்போது பக்கத்து நூலகத்தில் புத்தகம் எடுக்க ஆரம்பித்தாள். குடும்பக் கதைகள்தான் பிடித்தன. படித்தாள் என்பதைவிடச் சண்டை போட்டாள் என்பது பொருத்தம். "அடிப் பைத்தியமே, அதை ஏன்டி அவன்கிட்ட சொல்றே!" என்று கத்துவாள். பக்கத்தில் டெஸ்டுக்காக நடுங்கிக்கொண்டிருக்கும் பெண் தன்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, கற்றதையெல்லாம் மறந்துபோவாள்.

நூலக மாடியில் மாதம் ஒரு சனிக்கிழமை வாசகர் கூட்டம் நடக்கும். எட்டுப் பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து ஒரு நாவலைப் பற்றிப் பேசுவார்கள். கூட்டத்தை நடத்தியது நூலகர் அம்மா. சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனுஷி. ஒருமுறை யாரோ ஒரு நாவலைச் சாக்காக வைத்துத் தன் மாமியார் கதையைக் கூட்டம் முடியும்வரை சொல்லித் தீர்த்ததால், அவர் ஒரு விதி போட்டிருந்தார்: புத்தகத்தைப் பற்றி மட்டும் பேச வேண்டும், சொந்தக் கதை கூடாது.

அந்த மாதத்து நாவலைப் பாதி படிக்கும்போதே டீச்சருக்கு உடம்பு சுட்டது. இந்த எழுத்தாளர் நம் வீட்டு ஜன்னலில் நின்று எட்டிப் பார்த்தாரா என்று இருந்தது. கதையில் ஒரு மில்லில் வேலை செய்யும் அக்கா, அம்மா அப்பா இல்லாத தம்பியை வளர்க்கிறாள். தன் மில்லிலேயே அவனுக்கு வேலை வாங்கித் தருகிறாள். அவனோ ஒருநாள் அதை உதறிவிட்டு, தான் யார் என்று தெரிய வேண்டும் என்று சொல்லிப் படகு கட்டும் ஊருக்குப் போய்விடுகிறான். அங்கே ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்கிறான். மழையில் மில் வாசலில் நின்று அக்காவை அழைக்கிறான். அவள் பஸ் பிடித்துப் போய்க் கடைசி வரிசையில் நின்றுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் திரும்புகிறாள். கடைசியில் அவளும் மில்லை விட்டுவிட்டு வாழ்க்கையில் முதல்முறையாகத் தனியாக ஒரு பயணம் கிளம்புகிறாள்.

அந்த அக்காவுக்காகப் பேச ஆளில்லாமல் போய்விடக்கூடாது என்று டீச்சர் அந்தச் சனிக்கிழமை சாயங்காலப் பாடத்தைத் தள்ளி வைத்துவிட்டுக் கூட்டத்துக்கு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தாள்.

கூட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. தம்பி உள்ளே வந்தான்.

இளைத்திருந்தான். தாடி விட்டிருந்தான். கையில் அதே நாவல். வலது கையில் மணிக்கட்டு வரை வெள்ளைக் கட்டு. டீச்சரைப் பார்த்ததும் கால் அப்படியே நின்றுவிட்டது. திரும்பிவிடலாமா என்று பின்னால் பார்த்தான். அதற்குள் நூலகர் அம்மா, "வாங்க வாங்க, புதுசா வர்றீங்களா? இந்த நாவலைப் படிச்சிட்டீங்களா?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். இருந்த ஒரே இடம் டீச்சருக்கு நேர் எதிரே.

"படிச்சிட்டேன். அதுக்காகத்தான் வந்தேன்" என்றான். குரல் அவளுக்குத் தெரிந்த குரல்தான். ஆனால் அவளைப் பார்த்துப் பேசவில்லை.

'கையில என்னடா கட்டு?' என்ற கேள்வி டீச்சரின் நாக்கு நுனிவரை வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பேச்சை ஆரம்பித்தவர் வயதான தையல்காரர். எந்த நாவலானாலும் கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிட்டுத்தான் தொடங்குவார் என்பதால் கூட்டத்தில் அவருக்குக் 'கடைசிப் பக்கம்' என்றே பெயர். "எனக்குச் சுத்தமாப் பிடிக்காதவன் அந்தத் தம்பிதான்" என்றார். "தூக்கி வளர்த்தவளை அம்போன்னு விட்டுட்டுப் போறான். கேட்டா, தன்னைத் தேடுறானாம். இவன் என்ன சந்தையில தொலைஞ்ச குழந்தையா?"

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தாள், கொஞ்சம் சத்தமாகவே.

தம்பி புத்தகத்தைத் திறந்து மூடினான். "அவன் யாரையும் விட்டுட்டுப் போகல" என்றான். "அவனுக்கு மூச்சு முட்டுச்சு. காலைல எழுந்தா என்ன சட்டை போடணும்னு அக்கா எடுத்து வெச்சிருப்பாங்க. என்ன வேலைன்னு அக்கா முடிவு பண்ணியிருப்பாங்க. முப்பது வயசு ஆளு, தனக்கு என்ன பிடிக்கும்னு யாராவது கேட்டா பதில் தெரியாம முழிக்கிறான். அது எவ்வளவு அவமானம்னு யோசிச்சுப் பாருங்க."

"அந்தச் சட்டையைத் தேய்ச்சது யாரு?" என்றாள் டீச்சர்.

வட்டம் முழுக்க அவள் பக்கம் திரும்பியது.

"இல்ல, கேக்கறேன். தேய்ச்ச சட்டை பிடிக்கலன்னா, தேய்க்கும்போதே சொல்லியிருக்கலாமே. வருஷக்கணக்கா மாட்டிக்கிட்டுத் திரிஞ்சிட்டு, ஒருநாள் திடீர்னு கழுத்தை இறுக்குதுன்னா என்ன அர்த்தம்?"

"சொல்ல விட்டாத்தானே மேடம்" என்றான் தம்பி.

மேடம்! பத்து வயதில் ஜுரம் வந்தால் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தூங்கியவன். டீச்சருக்குக் காது ஜிவ்வென்றது.

"எங்க சார் சொன்னான்?" என்றாள். "முடியலன்னான். என்ன முடியலன்னு கேட்டா, 'இது'ன்னான். 'இது'ன்னா அவ என்னன்னு புரிஞ்சுக்குவா? குறி சொல்றவளா அவ?"

நூலகர் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். இந்தக் கூட்டத்தில் இவ்வளவு சூடாக யாரும் பேசியதில்லை. "ரெண்டு பேருமே ரொம்ப உணர்ந்து படிச்சிருக்கீங்க" என்றார்.

"நல்ல நாவல்தான்" என்றான் தம்பி. கட்டுப் போட்ட கையை மடியில் மாற்றி வைத்துக்கொண்டான். "ஒரே ஒரு இடம்தான் நம்ப முடியல. அந்த அக்கா கல்யாணத்துக்கு வர்றாங்க பாருங்க, அது. அந்த மாதிரி அக்கா வர மாட்டாங்க. கதவைச் சாத்திக்கிட்டு வீட்டுலயே உட்கார்ந்திருப்பாங்க. தம்பி தெருவைப் பார்த்துட்டே நின்னிருப்பான்."

மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. டீச்சரின் கால் தானாகத் தரையை அழுத்தியது. அங்கே பிரேக் ஏது?

"கூப்பிட்டா வருவா" என்றாள். "முறையாக் கூப்பிட்டா வருவா. போன்ல ரெண்டு வரி தட்டிவிட்டா? 'வந்தால் சந்தோஷம்'னா? பக்கத்து வீட்டுக்காரனுக்குக்கூட ஒருத்தன் இதைவிட மரியாதையாச் சொல்லுவான்!"

கடைசிப் பக்கம் மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு பக்கங்களைப் புரட்டினார். "இந்தக் கதையில போனே கிடையாதேம்மா. அவன் மழையில நனைஞ்சுகிட்டு நேர்லதானே வந்து கூப்பிடறான்?"

"அதான்" என்றாள் டீச்சர், மென்று விழுங்கி. "நேர்ல வந்து கூப்பிட்டான். அதனால வந்தா. அதைத்தான் சொல்றேன்."

இந்த இடத்தில்தான் பல் டாக்டர் உள்ளே புகுந்தார். எதிரில் இருப்பவர் வாயைத் திறக்க வைத்துவிட்டுத் தான் மட்டும் பேசிப் பழகியவர். யாராவது குறுக்கே பேசினால் அவருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

"நீங்க எல்லாரும் அந்த அக்காவைக் கொண்டாடுறீங்க" என்றார். "எனக்கு என்னமோ அவமேலதான் சந்தேகம். அவ அவனை வளர்க்கல, வளைச்சுப் போட்டிருக்கா. தனக்குன்னு ஒரு வாழ்க்கை அமையாத பொம்பளை, கையில கிடைச்ச ஒரு குழந்தையைப் பிடிச்சுத் தொங்கிட்டிருக்கா. அதுக்குத் தியாகம்னு பேரு. உண்மையைச் சொன்னா அவ அவனைத் தின்னுட்டிருந்தா."

டீச்சர் தரையைப் பார்த்தாள். பதில் சொல்ல வாயெடுத்தால் அழுகை வந்துவிடும் என்று பயமாக இருந்தது. இத்தனை பேர் முன்னால் அது மட்டும் நடக்கக்கூடாது.

"போதும் சார்."

சொன்னது தம்பி. நாற்காலி நுனிக்கு வந்திருந்தான், முகம் சிவந்திருந்தது.

"தின்னுட்டிருந்தாங்களா? என்ன தெரியும் உங்களுக்கு? பரீட்சை அன்னிக்கு அவனுக்கு அம்மை. ஸ்கூல்ல தனி ரூம் குடுக்க மாட்டேன்னாங்க. ஹெட்மாஸ்டர் வாசல்ல காலைலேருந்து நின்னு, கத்தி, சண்டை போட்டு, ரூம் வாங்கி, ஜன்னலுக்கு வெளியே வெயில்ல நின்னாங்க. அவன் தலையைத் தூக்கும்போதெல்லாம் எழுது எழுதுன்னு கையைக் காட்டினாங்க. அவங்க இல்லைன்னா அவன் இன்னிக்கு ஆளே இல்ல. அவங்களைப் பத்தி அந்த மாதிரி வார்த்தை பேசாதீங்க."

டாக்டர் அசந்து போனார். "நீங்கதானே தம்பி இவ்வளவு நேரம் அவளைக் குறை சொன்னீங்க?"

"நான் சொல்லலாம்."

"அதென்ன, நீங்க சொல்லலாம், நான் சொல்லக்கூடாதா? நானும்தான் காசு குடுத்து வாங்கிப் படிச்சேன்."

"அம்மை எந்த அத்தியாயத்துல வருது?" என்று கடைசிப் பக்கம் மறுபடியும் புரட்ட ஆரம்பித்தார். கிடைக்காத எரிச்சலில் புத்தகத்தைப் பட்டென்று மூடினார். "எது எப்படியோ, நீங்க சொல்ற மாதிரி பார்த்தா அவன் இன்னும் மோசம். அவ்வளவு செஞ்சவளை ஒரு வருஷம் எட்டிப் பார்க்கல. நன்றி கெட்ட ஜென்மம்!"

"அப்படிச் சொல்லாதீங்க ஐயா" என்றாள் டீச்சர்.

எப்படி வாயைத் திறந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் திறந்தபின் மூட முடியவில்லை. "அவன் நன்றி கெட்டவன் இல்ல. நன்றிக்காகத்தான் அத்தனை வருஷம் பிடிக்காத வேலையில இருந்தான். அவளுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துட்டா. கல்யாணத்தன்னிக்குக்கூட அவன் ரெண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தான். அவ வந்திருந்தா. எதிர்ப்பக்கம் கார்லதான் உட்கார்ந்திருந்தா. அவன் பார்க்கிறான்னு தெரிஞ்சதும் குனிஞ்சுக்கிட்டா. இறங்கிப் போக அவளுக்குத் தைரியம் இல்ல. அவ்வளவுதான்."

"கார்லயா?" என்றார் நூலகர் அம்மா மெதுவாக. "பஸ்லதானே..."

சொல்லி முடிக்கவில்லை. டீச்சரைப் பார்த்தார். எதிரே கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தார். அதே நெற்றி, அதே மூக்கு, கோபத்தில் அதே மாதிரி விடைக்கும் நாசி. தான் போட்ட விதி கண்முன்னே தூள் தூளாகிக் கிடப்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. "டீ ஆறிப்போகுது. எல்லாரும் குடிச்சிட்டு வந்து பேசலாமே" என்று எழுந்தார்.

டீச்சர் டீயைத் தொடவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் இறங்கினாள். பாதி இறங்கியதும் பின்னால் செருப்புச் சத்தம். அவள் நிற்கவில்லை.

"அக்கா."

நின்றாள். திரும்பவில்லை.

"போர்டைக் கழட்டிட்டு வந்தியா? நான் போர்டைத்தான் தேடினேன். கார் காரா, மேல பார்த்தேன்."

அவள் திரும்பினாள். வாயில் வந்தது வேறு. "கையில என்னடா கட்டு?"

"பூனை கடிச்சிடுச்சு."

"ஊசி போட்டியா?"

"நான் வேலை பார்க்கிறது ஆஸ்பத்திரியில, அக்கா."

"அது பூனைக்கு ஆஸ்பத்திரி. உனக்கு யாரு போட்டா?"

அவன் சிரிக்கப் போனான். அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான். நல்லவேளை, அடக்கினான். அந்தப் பழைய சிரிப்பு இன்னொரு முறை வந்திருந்தால் அவள் மிச்சப் படியையும் இறங்கிப் போயிருப்பாள்.

"நான் ஸ்கூலுக்குத் திரும்பி வர மாட்டேன்" என்றான். "அதை இப்பவே சொல்லிடறேன். எனக்கு அங்க பிடிச்சிருக்கு. கடிக்குது, பிறாண்டுது, நாத்தம். ஆனா காலைல எழுந்து போகணும்னு தோணுது."

"உன்னை நான் கூப்பிட்டேனா?"

"கூப்பிடல. ஆனா கூப்பிடுவே."

அது உண்மை. தொண்டையில் அந்த வார்த்தை தயாராகத்தான் இருந்தது. டீச்சர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அந்த டாக்டர் சொன்னது..." என்று ஆரம்பித்தாள்.

"அந்த ஆளு கிடக்கிறான்."

"இல்லடா. பதில் சொல்லு. அப்படித்தான் இருந்தேனா?"

சமாதானத்துக்கு அவன் ஒரு பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. "கொஞ்சம்" என்றான். "நானும் தின்னக் குடுத்தேன். எனக்கும் வசதியா இருந்தது. எல்லாத்தையும் நீ முடிவு பண்ணிட்டா, எது தப்பாப் போனாலும் உன் தலையில போட்டுடலாம் பாரு."

அவள் தலையாட்டினாள். வலித்தது. ஆனால் அவன் அவளிடம் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசி எத்தனையோ காலமாகியிருந்தது.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா" என்றான். அப்புறம் ஒரு படி கீழே இறங்கி, "நேர்லதான் கூப்பிடறேன், பார்த்துக்கோ" என்றான்.

போனாள். ஒரு சந்துக்குள், மாடியில், இரண்டு அறை வீடு. கதவைத் திறந்தது தம்பியின் மனைவி. கல்யாணத்தன்று தூரத்தில் பார்த்ததுதான். பக்கத்தில் பார்த்தால் சின்னப் பெண். மருந்துக்கடையில் வேலை. "வாங்க அண்ணி" என்றாள். நாற்காலியைக் காட்டினாள். சிரிக்கவில்லை.

தம்பி பால் வாங்கக் கீழே போயிருந்தான். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அலமாரியில் அந்த நாவல் இருந்தது. பேச எதுவும் கிடைக்காமல் டீச்சர் கேட்டாள், "நீயும் படிச்சியாம்மா?"

"படிச்சேன். இவருக்குக் குடுத்ததே நான்தான்."

"எப்படி இருந்தது?"

"எனக்குப் பிடிக்கல."

"ஏன்?"

"அந்தத் தம்பி ஒருத்தியைக் கல்யாணம் பண்றானே, அவ கதையில பாதிக்கு மேல வர்றா. சமைக்கிறா, துவைக்கிறா, வாசல்ல நிக்கிறா. ஒரு வார்த்தை பேசல. அவளுக்கு அந்த அக்காமேல கோபமா, பாவமா, என்னன்னே அந்த எழுத்தாளர் கேக்கல. அக்காவும் கேக்கல. தம்பியும் கேக்கல." அவள் டீச்சரை நேராகப் பார்த்தாள். "நீங்க வரலன்னு அன்னிக்கு இவர் அழுதார் அண்ணி. கல்யாணத்தன்னிக்கு. என் பக்கத்துல உட்கார்ந்து. நான் என்ன பண்ணியிருப்பேன், சொல்லுங்க. போட்டோல பாருங்க, என் முகம் எப்படி இருக்குன்னு."

டீச்சரிடம் எப்போதும் ஒரு பதில் இருக்கும். சிக்னலில் நடுவழியில் நின்றுபோன காருக்குப் பின்னால் ஐம்பது பேர் ஹாரன் அடித்தாலும் அத்தனை பேருக்கும் பதில் வைத்திருப்பாள். இப்போது தேடினாள், ஒன்றும் இல்லை. இத்தனை மாதமும் தம்பியை நினைத்திருக்கிறாள், தன்னை நினைத்திருக்கிறாள். கார் கண்ணாடி வழியே பார்த்த நாளில்கூட இந்தப் பெண் என்ன நிறத்தில் உடுத்தியிருந்தாள் என்று அவள் கவனிக்கவில்லை.

"உன்னைப் பத்தி நான் யோசிக்கவே இல்லம்மா" என்றாள். "அதான் உண்மை."

அந்தப் பெண், "சரி, இப்பவாவது சொன்னீங்களே" என்று எழுந்து உள்ளே போய், கல்யாணப் போட்டோக்களை எடுத்துவந்து அவள் மடியில் வைத்தாள். டீச்சர் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்றில்கூடப் பெண் சிரிக்கவில்லை. நீலத்தில் உடுத்தியிருந்தாள்.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. டீச்சர் ஸ்கூலுக்குச் சம்பளத்துக்கு ஒரு ஆளை வைத்தாள், அவனையும் திட்டினாள், அவன் திருப்பித் திட்டினான், ஆச்சரியம்தான், அது ஒத்துப்போயிற்று. தம்பி வீட்டுக்குப் போனால் பாதி நாள் ஏதாவது ஒரு சின்ன விஷயத்தில் குரல் உயரும். ஒருமுறை அவள் கோபித்துக்கொண்டு பாதியில் கிளம்பிவிட்டாள். மறுநாள் தம்பி மனைவி போன் பண்ணி, "உங்க குடை இங்க இருக்கு, எடுத்துக்கிட்டு அப்புறம் கோவிச்சுக்கோங்க" என்றாள். இப்படியே ஓடியது.

தம்பி வாசகர் கூட்டத்துக்கு அப்புறம் வரவே இல்லை. ஒரு நாவலுக்கே இந்தப் பாடு என்றால் போதும் என்றான். அவன் மனைவிதான் சேர்ந்தாள். முதல் கூட்டத்திலேயே பல் டாக்டர் ஏதோ சொல்ல, "நீங்க அந்தப் புத்தகத்தை முழுசாப் படிக்கல டாக்டர்" என்று நேருக்கு நேர் சொல்லி, படிக்காத இடம் எது என்றும் எடுத்துக் காட்டினாள். டாக்டர் வாயைத் திறந்தபடி இருந்தார். டீச்சர் கடைசிப் பக்கத்தின் பக்கம் சாய்ந்து, "எங்க வீட்டுப் பொண்ணு" என்றாள் மெல்ல. சொந்தக் கதை கூடாது என்று நூலகர் அம்மா அங்கிருந்தே விரலைக் காட்டினார்.